வாழப்பாடிக்குப் போன வெள்ளிக்கிழமைப் பூ

சாமி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. நடுவில் ஒரு நாள் வாழப்பாடிக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் எழுத முடிகிறது. நீ கோயமுத்தூரில் தனியாக மண்டி திறந்து ஐந்து மாதம் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் முதலில் விசாரிப்பதுதான் முறை. விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன், மண்டிக்குப் போகிறேன், பசித்தால் சாப்பிடுகிறேன். உன் அம்மா போய் இரண்டு வருடமாக நான் அழுது யாரும் பார்த்ததில்லை. ஒளிந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுகை வரவே இல்லை. கால் மரத்துப் போனால் உதறிவிட்டு நடக்கலாம். மனசு மரத்துப் போனால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, அங்கே மில்காரர்களுக்கு ஆளாளுக்குக் கைக்கடிகாரமும் சீமைச் சரக்கும் கொடுத்து ஆர்டர் பிடிக்கிறார்கள், நீங்கள் அந்தக் காலத்தில் வெறும் பூவைக் கொடுத்தே பிடித்தீர்களே, அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டாவது, அந்தப் பெரிய எண்ணெய் மில்லைப் பற்றியது. அவர்கள் எடுப்பார்கள் என்று நம்பி நீ எருமப்பட்டிப் பக்கத்துக் கடலைக்காயை முந்நூறு மூட்டை வாங்கிக் குடோனில் அடுக்கிவிட்டாய். அவர்கள் எடுக்காவிட்டால் தை மாதத்துக்குள் மண்டியைச் சாத்திவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். அங்கே கொள்முதல் பார்க்கிறவர் வாழப்பாடிக்காரர். உன்னை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்து, யார் மகன் என்று விசாரித்திருக்கிறார். என் பெயரைச் சொன்னதும் முகம் மாறி, "ஒங்கம்மா எங்கம்மாவுக்கு அனுப்பிச்ச பூவே எங்களுக்குப் போதும் தம்பி. ஒங்ககிட்ட வேற எதுவும் வாங்கறதா இல்ல" என்று எழுந்து போய்விட்டார். 'அம்மா அப்படி என்ன அனுப்பினாள்? நீங்கள் ஏன் தடுக்கவில்லை?' என்று கேட்டு முடித்திருந்தாய்.

உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி. உன் அவசரம் எனக்குத் தெரியும். மூட்டை குடோனில் கிடக்கும்போது பொறுமை எங்கிருந்து வரும் என்பாய். இருந்தாலும் படி.

நான் நாமக்கல்லில் மண்டி வைத்த புதிதில், இங்கிலீஷ் வருடப் பிறப்பன்று சேலத்துக்குப் போய், நம் சரக்கை வாங்குகிற கம்பெனித் துரையைப் பார்க்கிற வழக்கம் இருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு ரோஜா மாலையும் இருந்தால் போதும், பங்களாவுக்குள் விடுவார்கள். முதல் வருடம் நானும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது வியாபாரி, பின்னால் நாற்பது வியாபாரி. துரை மாலையை வாங்கிக் கழுத்தில் போடாமல் அப்படியே பக்கத்து மேசையில் வைத்தார். என் பழம் உருண்டு கீழே விழுந்தது, அதை நானே எடுத்து மறுபடி வைத்தேன். திரும்பி வரும்போது பார்த்தால், பங்களாவுக்குப் பின்னால் பட்லர் அத்தனை மாலையையும் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். எந்த மாலை எந்த வியாபாரியுடையது என்று அந்தக் குவியலுக்குத் தெரியுமா? செலவழித்துக் குப்பை போட்டுவிட்டு வந்தோமே என்று வழியெல்லாம் எனக்கு எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் யோசனை வந்தது. ஆம்பளைக்கு மாலை போட்டால் அது மேசைக்குப் போகிறது. தேங்காய் பழம் கொடுத்தால் தின்று மறந்துவிடுகிறான். ஆனால் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஒரு பெண் பிள்ளை வைத்துக்கொள்கிற பூவை அந்த வீடே பார்க்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்கும். ஒரு வாரம் வராவிட்டால், "நாமக்கல் பூ வல்லீங்களே, மண்டிக்காரர்கிட்ட ஏதாச்சும் சண்டைங்களா?" என்று அவளே கேட்பாள். புருஷன் வேறு மண்டிக்கு மாறினால் பூவும் நின்றுபோகும். எனக்குப் பதிலாக எனக்கு வேண்டியதைப் பேச, ஒவ்வொரு வாடிக்கை வீட்டிலும் ஓர் ஆள் கிடைத்த மாதிரி. ஏழு வீடு பிடித்தேன். மோகனூர் ஆற்றங்கரைத் தோட்டத்திலிருந்து வியாழக்கிழமை சாயந்திரம் மொட்டு வந்துவிடும். உன் அம்மா உட்கார்ந்து வாழைநாரில் கட்டி, முழம் போட்டு, ஈர வாழையிலையில் சுற்றி ஏழு பொட்டலம் வைப்பாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் பத்து, பதினோரு மணிக்கெல்லாம் வீடுவீடாகப் போய்ச் சேரும். பெரிய வாடிக்கைக்கு ஐந்து முழம், சின்ன வாடிக்கைக்கு மூன்று. ஆர்டர் குறைந்தால் ஒரு முழம் குறைப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, அந்த வீட்டுக்கே புரிந்துவிடும். இதையெல்லாம் நினைத்து என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் உண்டு.

அந்த ஏழு வீட்டுப் பெண்களில் ஒருத்தி முகம்கூட உன் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வாழப்பாடியம்மாவுக்குக் கனகாம்பரம் கலந்தால் பிடிக்காது, ராசிபுரத்தம்மாவுக்கு நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்று கண்டக்டர் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். எனக்கு அந்தப் பெண்கள் எல்லாம் ஆர்டர். அவளுக்கு என்னவாக இருந்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

வாழப்பாடியில் இன்ஜின் செக்கு வைத்திருந்தவர்தான் நீ பார்த்த மனிதரின் தகப்பனார். நமக்கு ஐந்து முழ வாடிக்கை. உனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் செக்கில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் சாவுக்கும் போனேன், பதினாறாம் நாள் கருமாதிக்கும் போனேன். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவை உட்காரவைத்துத் தலை நிறையப் பூ வைத்து, பிறகு அந்தப் பூவை எடுத்ததையும் பொட்டை அழித்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். மற்ற ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், நானும் குனிந்துகொண்டேன். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. செக்கை இனி யார் நடத்துவார்கள், மகன் நம்மிடமே சரக்கு எடுப்பானா என்பதுதான் ஓடியது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மகனிடமிருந்து கடிதம் வந்தது. செக்கைத் தானே நடத்தப்போவதாகவும், அறுபது மூட்டைக் கடலைக்காய் அனுப்பும்படியும் எழுதியிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயந்திரம் அந்தக் கடிதத்தோடு உள்ளே வந்தேன். உன் அம்மா மொட்டைக் கொட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமையும் வாழப்பாடிக்குப் பொட்டலம் போகவில்லை, ஆறுதான் போயிற்று.

"வாழப்பாடியில மறுபடி சரக்குக் கேட்டிருக்காங்க. பையன் எடுத்து நடத்தறானாம். இனிமே பழையபடி அனுப்பிப்போடோணும்" என்றேன்.

அவள் கை நின்றது. "ஏனுங்க, பூவுமுங்களா?" என்றாள்.

நான் கடிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "எல்லாம் பழையபடிதான்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. ஏழாவது பொட்டலத்தையும் கட்டி வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஐந்து முழம் மல்லி வாழப்பாடிக்குப் போயிற்று. கண்டக்டர் ஒன்றும் யோசிக்காமல் வாசலில் நின்று, "நாமக்கல் பூவுங்க" என்று குரல் கொடுத்திருக்கிறான். மகன் வந்து வாங்கியிருக்கிறார். என்னவோ ஏதோ என்று அங்கேயே பிரித்திருக்கிறார். வாசம் உள்ளே போயிருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, வாராவாரம் நீட்டின பழக்கத்தில், எழுந்து வந்து கையை நீட்டிவிட்டாள். உடனே அவள் நாத்தனார் ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டு, பூவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டிருக்கிறாள். வீடு நிறைய ஒரம்பரை, சொந்தக்காரர்கள். அத்தனை பேர் முன்னாலும், பெற்ற மகன் முன்னாலும், அந்தக் கை நீட்டினபடி நின்றிருக்கிறது. இதையெல்லாம் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை ஒரு கார்டு வந்தது. சரக்கும் வேண்டாம், பூவும் வேண்டாம் என்று இரண்டே வரி.

நான் ஓடினேன். கணக்குப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமையே போனேன். அந்த மகன் என்னை உள்ளே கூப்பிடவில்லை, நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார். இருபது இருபத்திரண்டு வயது, மொட்டைத் தலை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஊட்டுல பொம்பளைக வெவரந் தெரியாமக் கட்டி அனுப்பிப்போட்டாங்க தம்பி. நான் ஊர்ல இல்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். நாலு நாளைக்கு முன்னால் வந்த கடிதத்துக்கு என் கையெழுத்தில் பதில் போயிருக்கிறது, நான் ஊரில் இல்லையாம். அவர் கதவில் கையை வைத்தார். பிறகு, "அந்தம்மாவுக்குப் புருஷன் இருக்காரு இல்ல? நல்லா இருக்கட்டும். போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார்.

கணக்குப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. நான் அங்கே சொன்னது இரண்டு நாளில் உன் அம்மா காதுக்கு வந்துவிட்டது. சாப்பாடு போடும்போது, "நான் கேட்டனுங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். "ஏவாரத்துல ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான், அதைப் போய்ப் பெருசு பண்ணீட்டு" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன். மோர் ஊற்றினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மீதி ஆறு வீட்டுக்கும் அவள்தான் தொடர்ந்து கட்டினாள். யுத்தம் வந்து, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின பஸ் நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் போகிற காலம் வரைக்கும் கட்டினாள். ஆனால் தன் தலையில் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும். பண்டிகைக்கு எல்லோரும் பூ வைத்துக்கொண்டு நிற்கும்போது, உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒருமுறை நீயே அவளிடம் கேட்டாய். "பூ வாசத்துக்குத் தலை நோகுது சாமி" என்றாள். மடி நிறைய மல்லியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கட்டுகிறவளுக்கு, ஒரு முழம் வைத்தால் தலை நோகுமாம். ஊரே நம்பியது. நானும் நம்பின மாதிரி இருந்துகொண்டேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அவள் போன அன்றைக்கு, சுமங்கலியாகப் போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று சொல்லிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நோகுமே என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு மரத்ததுதான்.

இப்போது நீ எழுதுகிறாய், அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று. பெற்ற பிள்ளையே அவளைக் கேட்கும்படி ஆகிவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முதலில் உண்மையை யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். அந்த அம்மா இன்னும் வாழப்பாடியில்தான் இருக்கிறாள். வியாழக்கிழமை பஸ் ஏறினேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழம் வாங்கலாமா என்று சேலத்தில் இறங்கிக் கடை முன்னால் நின்றுவிட்டு, வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

மகன் செக்கை விட்டுவிட்டுக் கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விட்டதால் வீட்டில் மருமகள்தான் இருந்தாள். நடையில் பாய் போட்டாள். அந்த அம்மா உள்கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. "யாரு, நாமக்கல் மண்டிக்காரரா? வாங்க. வூட்டுக்காரம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வரத்தான் முடியல" என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்குப் பூ அனுப்பச் சொன்னது நானுங்க. அவ இல்லீங்க. பூவுமுங்களான்னு கேட்டா. நாந்தான் காதுல வாங்காம எல்லாம் பழையபடின்னு சொல்லிப்போட்டனுங்க. அப்பறம் உங்க வாசல்ல வந்து நின்னு அவ மேல பழியப் போட்டதும் நாந்தானுங்க."

அந்த அம்மா கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "நான் இப்படி ஆனது அவங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

"தெரியுமுங்க. ஆனா அவளா அனுப்பலீங்க. நாஞ் சொன்னதுனாலதான் கட்டுனா."

"அப்படியா?" என்றாள். "நான் வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேங்க. அன்னைக்கு ஆளாளுக்கு ஏசுனாங்க, எம்மவன் அழுதான். எனக்கு மட்டும் கோவம் வரல. மொகந்தெரியாத ஒரு பொம்பள, எல்லாந் தெரிஞ்சும், இவளுக்கும் இருக்கட்டுமேன்னு கட்டி அனுப்பியிருக்கான்னு நெனச்சேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. பதினாலு வருசமா அது எம்மனசுல இருந்துச்சு."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "அவருக்கு மோர் குடு, வெயில்ல வந்திருக்காரு" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

சாமி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த மனிதரை மறுபடி போய்ப் பார். அனுப்பச் சொன்னது என் அப்பா, பழியை அம்மா மேல் போட்டதும் அவர்தான் என்று சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே கொடு, எனக்கு அதில் ஒரு வெட்கமும் மிச்சமில்லை. அன்றைக்குச் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அப்படிப் பேசினால் நீயும் அம்மாவை வைத்து ஆர்டர் கேட்கிறாய் என்றாகிவிடும். அவர் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. எடுக்காவிட்டால் முந்நூறு மூட்டையையும் லாரி பிடித்து இங்கே அனுப்பு, நஷ்டத்துக்கு நான் தள்ளிவிடுகிறேன். மண்டியைச் சாத்தும்படி ஆனால் சாத்திவிட்டு வா. உன் வயசில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பூவைக் கொடுத்து எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டாயே, நீயும் அனுப்பு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யார் கைக்குப் போகிறது, அந்த வீட்டில் இந்த வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு அனுப்பு. கட்டுகிறவர் ஏதாவது கேட்டால் கையில் இருக்கிற கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. வாழப்பாடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சேலம் தாண்டின பிறகு ஒன்று தோன்றியது. அந்த அம்மா நினைத்தது சரியாகவே இருந்தால்? என் பேச்சைச் சாக்காக வைத்துக்கொண்டு, உன் அம்மா தெரிந்தேதான் அந்த ஐந்து முழத்தையும் கட்டி அனுப்பியிருந்தால்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், நான் கேட்கவில்லை. கேட்காமலே, அவளா அனுப்பவில்லை, நான் சொன்னதால்தான் கட்டினாள் என்று அந்த அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதே வாசலில், இரண்டாவது தடவையாக.

உன் அப்பா